போர்ட் மோர்ஸ்பியிலிருந்து வரவேண்டிய கொள்ளி

அப்பா செத்த மறுநாள் முற்பகலில் எங்கள் வீட்டுப் பந்தலுக்குள் முதல் அடி விழுந்தது. அடித்தவர் என் சித்தப்பா, அப்பாவோடு கூடப்பிறந்த தம்பி. வாங்கியவர் என் தாய்மாமன். மாமாவின் காதோரம் விழுந்த அந்த அறையில் தப்படித்துக்கொண்டிருந்தவர்களே ஒரு கணம் கையை நிறுத்தினார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, முன்பைவிட வேகமாக அடிக்க ஆரம்பித்தார்கள். கைகலப்பு முழுவதும் அந்தத் தாளத்தோடுதான் நடந்தது.

காரணம், ஒரு செல்போனில் வந்த எண்.

அண்ணன் அப்போது பப்புவா நியூ கினியில் இருந்தான். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். அந்த ஊர்களின் தெருப்பெயர்கூட இங்கே பெண்களுக்குத் தெரியும். பப்புவாவுக்குப் போனது அண்ணன் மட்டும்தான். மலை உச்சியில் ஒரு சுரங்கம், அதில் வெல்டர் வேலை. கேம்ப்பிலிருந்து போர்ட் மோர்ஸ்பி என்கிற ஊருக்குச் சின்ன விமானத்தில் இறங்கிவந்தால்தான் பெரிய விமானத்தையே பார்க்க முடியும்.

அவன் கிளம்பியது சண்டையில்தான். புயலில் எங்கள் ஊர்த் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்த வருடம் அது. அப்பா தேங்காய் உரிப்பவர். தோப்பு தோப்பாகப் போய், இரும்புப் பாரையை மண்ணில் ஊன்றி, ஒரு குத்து, ஒரு திருப்பு என்று மட்டையைப் பிளப்பார். மரமே இல்லாத ஊரில் அவர் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. இருந்த முக்கால் ஏக்கரில் திரும்பக் கன்று வைக்கவேண்டும், பெரியவன் கூட நிற்கவேண்டும் என்று சொன்னார். அண்ணன் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு வந்து நின்றான்.

"தோப்பப் போட்டுட்டு எவன் வீட்டுலடா பத்துப்பாத்திரம் தேய்க்கப் போற?" என்று அப்பா பச்சை மட்டையை எடுத்து அவன் முதுகில் வைத்தார். முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் அண்ணன் அசையவில்லை. சின்ன வயதிலிருந்து வாங்கிப் பழகிய முதுகு. மூன்றாவது அடி முகத்தில் விழுந்தது. அப்பாவின் கையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா வாசலில் உட்கார்ந்துவிட்டார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, வலியில் பல்லைக் கடித்தபடி சொன்னார்:

"நான் செத்தா நீ வரக்கூடாது. ஒங்கையால எனக்குக் கொள்ளி கெடையாது. சின்னவன் வைப்பான்."

சின்னவன் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள். கல்லூரியில் நான் சேர்ந்ததே அண்ணன் பத்தாவதோடு நின்றதால்தான். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அதற்குப் பிறகு அப்பாவும் அவனும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் மணிக்கட்டு கோணலாகவே ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை விடியக்காலையில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அப்பாவின் உயிர் போயிற்று. நெஞ்சுவலி. வார்டுக்கு வெளியே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எடுக்க விட்டுராதடா தம்பி. நான் வாரேன். நான்தான் வைக்கணும்."

மத்தியானம் மாமாவுக்கு அவனே போன் செய்தான். "கெளம்பிட்டேன் மாமா" என்றான். இந்த ஒரு வார்த்தைதான் பிறகு எங்கள் வீட்டைக் கலைத்துப் போட்டது. மாமா ஆலங்குடியிலிருந்து குளிர்பெட்டி கொண்டுவரச் சொன்னார். அப்பாவைக் கண்ணாடி மூடிக்குள் படுக்க வைத்து, பந்தலில் இருந்த பிளக்கில் சொருகினோம்.

வெள்ளிக்கிழமை காலையில் உறவெல்லாம் வந்து சேர்ந்தது. பங்காளிகள் தென்னங்கீற்று முடைந்து பாடை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். யார் கட்டச் சொன்னது என்று கேட்டேன். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கிச் சனிக்கெழமடா. சனிப் பொணம் தனியாப் போகாது. நம்ம வீட்டுல இன்னொன்னையும் சேத்து அனுப்பணுமா? இன்னைக்கிப் பொழுது எறங்குறதுக்குள்ள எடுத்தாகணும்."

"அண்ணன் வந்துக்கிட்டு இருக்கு சித்தப்பா."

"எங்கிட்டுருந்து?"

அப்போதுதான் சித்தப்பாவின் மகன் செல்போனை எடுத்தான். என் வயதுக்காரன், சரக்கு வண்டி ஓட்டுகிறவன். நான் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுவான். போர்ட் மோர்ஸ்பி, திருச்சி என்று இரண்டு ஊரையும் தட்டிவிட்டு உரக்கப் படித்தான்.

"ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். பயண நேரம் பத்து மணி. கேட்டுக்கங்கப்பா, பத்தே மணி நேரம்."

பந்தலில் ஒரு முனகல் எழுந்தது. வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பியவன், பத்து மணி நேரத்தில் வரவேண்டியவன், வெள்ளிக்கிழமை வெயில் ஏறியும் வரவில்லை. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு சிங்கப்பூர்க்காரர். வெகுகாலம் அங்கே கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். விமானம் பற்றி ஊரில் எதுவென்றாலும் அவர் சொல்தான் கடைசி. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அங்கிட்டுருந்து சிங்கப்பூருக்கு ஆறு மணிச் சொச்சம். சிங்கப்பூருலருந்து திருச்சிக்கு நாலு மணி. கூட்டுனா சரியாத்தான் வருது. போன் பொய் சொல்லல."

போன் பொய் சொல்லவில்லைதான். சிக்கலே அதுதான். நான் சொன்னேன்: "அது பறக்குற நேரம் மட்டுந்தான்யா. வரைபடத்துல ரெண்டு ஊருக்கும் நூல் புடிச்ச மாதிரி ஒரு கோடு போட்டு அதுக்கு மட்டும் கணக்குச் சொல்லுது. அந்தக் கோட்டுல ஒரு ப்ளைட்டும் ஓடல. நம்ம ஊருலேருந்து டவுனுக்கு பஸ்ஸுல போனா ஒரு மணி நேரந்தான். காலைல ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸுன்னா? நடுவுல கெளம்புனவன் ஸ்டாப்புல ஒக்காந்துதான கெடக்கணும்?"

"பஸ்ஸையும் ஏரோப்ளேனையும் ஒண்ணாக் கட்டுறான் பாரு காலேஜ்" என்றான் சித்தப்பா மகன். நாலு பேர் சிரித்தார்கள். இழவு வீட்டில் சிரித்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"போன் பண்ணுடா அவனுக்கு" என்றார் சித்தப்பா.

பண்ணினேன். ஸ்விட்ச் ஆஃப். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். மறுபடியும் ஸ்விட்ச் ஆஃப்.

"விமானத்துக்குள்ள இருக்கான் சித்தப்பா. அங்க போன் எடுக்காது."

"பத்து மணி நேரம் பறக்குற விமானத்துல நேத்துலேருந்து இருக்கானா? பெட்ரோல் போட எறங்கலயா?" என்றான் சித்தப்பா மகன். மறுபடியும் சிரிப்பு. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். அவர் கண் சிவந்திருந்தது. அப்பா செத்ததிலிருந்து அவர் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை என்று சித்தி சொல்லியிருந்தாள். "அவன் கெளம்பவே இல்ல. பெத்தவன் கைய ஒடிச்சவன் என்னிக்கிடா வருவான்? எங்கண்ணன் தெருவுல வச்சுச் சொல்லுச்சு, அவன் கையால வேணாம்னு. சின்னவன் வைக்கட்டும்னு. அதுதான் நடக்கும். நாவிதர வரச்சொல்லு, இவனுக்குத் தலைய மழி."

மாமா பந்தக்கால் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கோடிச் சேலை இருந்தது. புருஷன் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற சேலை. அது போடாமல் பிணம் வாசலைத் தாண்டாது. மாமா அந்தச் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் இறுக்கினார்.

"அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு எளையவன். இது ஓங்கண்ணன் வச்ச சட்டமும் இல்ல, நீ வச்ச சட்டமும் இல்ல மாப்ள. எம்மருமயன் வந்து நிக்காம கோடி என் கக்கத்த விட்டு வராது. பொட்டிய எவன் தூக்குறான்னு பாக்குறேன்."

"கோடியக் காட்டிப் பொணத்த மறிக்கிறியா? ஒங்கக்காளக் குடுத்த அன்னைக்கி சீர் கொண்டாரத் துப்பு இல்ல, இப்பக் கோடிக்கு மட்டும் கெத்து வந்துருச்சோ?"

"சீரப் பத்திப் பேசுற வாயி..." மாமா முடிப்பதற்குள்தான் அந்த அறை விழுந்தது.

மாமா எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சித்தப்பாவின் தோளில் உடைந்தது. பங்காளிகள் நாலு பேர் மாமாமேல் விழுந்தார்கள். மாமாவோடு வந்த இரண்டு பேர் அந்த நாலு பேர்மேல். எல்லோரும் மாமாவை அடிப்பதைவிட அவர் கக்கத்தில் இருந்த சேலையைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள். கோடி கைக்கு வந்துவிட்டால் சாவு அவர்கள் வசம். மாமா ஒரு முனை, பங்காளிகள் ஒரு முனை என்று அது கயிறு மாதிரி இழுபட்டது. பிறகு கிழிந்தது. புதுத்துணி கிழிகிற சத்தத்தில் பெண்கள் ஓலமிட்டார்கள்.

இந்தப் பக்கம் சித்தப்பா மகனும் இன்னொருவனும் என் இரண்டு கைகளையும் பிடித்து நாவிதர் முன்னால் இழுத்தார்கள். நாவிதர் தன் சவரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "அய்யா, ஆடுற தலையில நான் கத்தி வைக்க மாட்டேன்யா, என்னைய விட்டுருங்க" என்றார். நான் உதைத்தேன். சித்தப்பா மகனின் முழங்காலில் பட்டது. அவன் திருப்பி வாயில் குத்தினான். ரத்தத்தின் உப்பு நாக்கில் தெரிந்தது. ஒரு பல் ஆடியது. நான் அவன் சட்டையைப் பிடித்துக் கத்தினேன். அவனிடம் அல்ல, சித்தப்பாவிடம்.

"அப்பா வரச்சொன்னாரு சித்தப்பா! ஆஸ்பத்திரியில என்கிட்டக் கேட்டாரு. பெரியவன் இருக்குற எடத்துலேருந்து இங்க வர எம்புட்டு நேரமாகும்னு கேட்டாரு. ரெண்டு நாளாகும்னேன். ராத்திரி மறுபடி கேட்டாரு. விடியக்காலையில மறுபடி. வேற எதுவுமே கேக்கல!"

உண்மை அதுதான். மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை நான் பதில் சொன்னபோது அவர் விரல்களால் படுக்கை விரிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மாவிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

சித்தப்பா மூச்சிரைக்க நின்றார். "செத்தவன் வாயில நீ என்ன வேணாலும் போடலாம்டா. அவன் எந்திரிச்சு வந்தா சாட்சி சொல்லப் போறான்?"

அதற்குள் மாமா பங்காளிகளை உதறிக்கொண்டு எனக்காக ஓடிவந்தார். சித்தப்பா மகனைப் பிடரியில் பிடித்துத் தள்ளினார். அவன் தடுமாறிப் போய்க் குளிர்பெட்டியின்மேல் விழுந்தான். முழங்கை முதலில் இறங்கியது. கண்ணாடி மூடி நடுவில் உடைந்து அப்பாவின்மேல் கொட்டியது. பெட்டி நகர்ந்ததில் பிளக்கும் பிடுங்கிக்கொண்டது. மோட்டார் முனகி நின்றது.

தப்பும் நின்றது.

அண்ணனுக்காகப் பெட்டியைக் காத்தவரே அதை உடைத்துவிட்டார். மாமா தன் கைகளைப் பார்த்தபடி நின்றார். சித்தப்பா மகனின் முழங்கையிலிருந்து ரத்தம் அப்பாவின் நெஞ்சு மாலையில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு துண்டை எடுத்து அவன் கையைக் கட்டினார்கள். சிங்கப்பூர்க்காரர் மெல்லச் சொன்னார்: "இனிமே வைக்க முடியாது. எடுத்துற வேண்டியதுதான்." பங்காளிகளில் இரண்டு பேர் பெட்டியின் பக்கம் நகர்ந்தார்கள்.

பெண்கள் நடுவில் இருந்த அம்மா அதுவரை எழுந்திருக்கவில்லை. இப்போது எழுந்து வந்தாள். அப்பாவின் முகத்திலும் நெஞ்சிலும் கிடந்த கண்ணாடித் துண்டுகளை எடுத்துத் தரையில் போட்டாள். நீளமாக ஒன்று கையில் வந்ததும் அதைப் போடவில்லை. கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு திரும்பினாள். பிடித்த பிடியில் அவள் உள்ளங்கையே கிழிந்தது.

"தொடுங்கடா. எவன் மொதல்ல தொடுறானோ அவன் வயித்துல எறக்குறேன். தம்பியும் வேணாம், கொழுந்தனும் வேணாம். எம்மயன் வரட்டும்."

பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

என்னைப் பார்த்து, "போய் ஐஸு வாங்கிட்டு வா" என்றாள்.

கீரமங்கலத்து மீன் கடைக்காரரிடம் பைக்கில் போனேன். வாயில் ரத்தம் காய்ந்திருந்ததால் அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எதற்கு என்று சொன்னதும் ஒன்றும் கேட்காமல் இருந்த கட்டிகளையெல்லாம் மரத்தூளோடு சாக்கில் கட்டிக் கொடுத்தார். அப்பாவைப் பெஞ்சில் கிடத்தி, அடியிலும் பக்கத்திலும் ஐஸ் அடுக்கினோம். பந்தல் முழுக்க மீன் வாடை. அப்பா தேங்காய் மணத்தோடு வாழ்ந்த மனிதர்.

பின்மதியத்தில் என் போன் அடித்தது. வீடியோ கால். அண்ணன் ஒரு விமான நிலையத்தின் கம்பளத் தரையில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் விமானங்கள் புறப்படும் நேரம் காட்டும் பலகை. நான் ஒன்றும் சொல்லாமல் போனைச் சித்தப்பாவின் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

"சித்தப்பா... சிங்கப்பூருல எறங்கிட்டேன். ராத்திரி ப்ளைட்டு. காலைல வந்துருவேன்."

"நேத்தே கெளம்பிட்டேன்னு சொன்னியேடா."

"கேம்ப்புலேருந்து கெளம்புனேன் சித்தப்பா. மலையிலருந்து எறங்கி ஏர்ப்போர்ட்டுக்கு வர்றதுக்கே பொழுது போயிருச்சு. அங்கேருந்து சிங்கப்பூருக்குத் தெனமும் ப்ளைட்டு கெடையாது. இன்னைக்கி ஒண்ணு இருந்துச்சு, அதுல ஏறுனேன். அப்பாவ எடுக்கலயில்ல?"

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலைவிட்டு இறங்கினார். போகும்போது எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "வரட்டும். சனிப் பொணம் தனியாப் போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க? தொணைக்கு எவன் போறான்னு நாளைக்கிப் பாப்போம்."

அண்ணன் காலையில் வந்தான். திருச்சியிலிருந்து வந்த கார் புளியமரத்தடியில் நிற்க, தோள்பையோடு நடந்து வந்தான். அழவில்லை. அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான், என் உதட்டைப் பார்த்தான், மாமாவின் வீங்கிய காதைப் பார்த்தான். அப்பாவிடம் போய், கோணலாக ஒட்டியிருந்த அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நாவிதர் முன்னால் தானாகப் போய் உட்கார்ந்தான்.

மாமா கிழிந்த கோடியைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். சனிக்கிழமை என்பதால் பாடையின் காலில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். கூட ஒரு உயிர் போகவேண்டுமென்றால் அது போகட்டும் என்பது கணக்கு. சுடுகாடு வரைக்கும் அது கத்திக்கொண்டே வந்தது.

சித்தப்பா வந்தார். வராமல் இருக்க முடியாது. கொள்ளிக்குடத்தோடு மூத்த மகன் சிதையைச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் நின்று அரிவாளால் குடத்தைக் கொத்தி ஓட்டை போடுவது எங்கள் பங்காளிகளில் செத்தவருக்கு அடுத்தவர். அதாவது சித்தப்பா. குடம் தோள்மேல், அதை ஒட்டிக் கழுத்து. நேற்று அவர் சொல்லிவிட்டுப் போனது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாமாவின் ஆட்கள் இரண்டு பேர் வேட்டிக்குள் எதையோ சொருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்கள். நான் சித்தப்பா மகனின் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கையில் கட்டு இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

முதல் சுற்று. கொத்து மெதுவாக விழுந்தது. குடத்திலிருந்து நீர் பீய்ச்சி அண்ணனின் முதுகில் வழிந்தது. இரண்டாவது சுற்றில் அரிவாள் குடத்தில் பட்டு வழுக்கியது. கூட்டத்தில் யாரோ "ஏய்" என்றார்கள். மூன்றாவது சுற்றில் சித்தப்பா அரிவாளை ஓங்கினார். ஓங்கிய கை மேலேயே நின்றது. மாமாவின் ஆள் ஒருவன் வேட்டிக்குள் கையை விட்டான்.

அண்ணன் திரும்பவில்லை. "கொத்துங்க சித்தப்பா" என்றான், தாழ்ந்த குரலில். "எல்லாரும் பாக்குறாங்க."

அரிவாள் இறங்கியது. குடத்தின் பாதி வாய் சிதறித் தெறித்தது. மீதி நீர் ஒரேயடியாக அண்ணனின் தோள்மேல் கொட்டியது. அவன் ஒரு எட்டுக்கூடத் தடுமாறவில்லை. மிச்சத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான், கொள்ளிக்கட்டையை வாங்கினான், சிதைக்கு முதுகைக் காட்டி நின்று வைத்தான். விறகு பற்றிய சத்தம் கேட்டதும் நடந்தான். சித்தப்பா அரிவாளோடு நெருப்பைப் பார்த்தபடி அங்கேயே நின்றார். நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அண்ணே... அண்ணே..." என்றார். யாரும் பக்கத்தில் போகவில்லை.

பம்புசெட்டில் குளிக்கும்போதுதான் மாமா பார்த்தார். அண்ணனின் இடது தோளில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் பிளந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"வெட்டிட்டானா?" மாமாவின் கண் வரப்பில் கிடந்த மண்வெட்டிக்குப் போனது. அவருடைய ஆட்கள் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

"கொடத்து ஓடு கீறிருச்சு மாமா" என்றான் அண்ணன். "நீங்க குளிங்க."

குடத்து ஓடு அப்படி நேராகக் கீறாது. மாமாவுக்கும் அது தெரிந்திருக்கும். அண்ணன் ஈரத்துண்டை எடுத்து அந்த இடத்தில் போட்டுக்கொண்டு, தண்ணீர் கொட்டுகிற தொட்டிக்குள் மாமாவின் தலையைப் பிடித்துச் சிரிக்காமல் ஒருமுறை முக்கினான். மாமா தும்மிக்கொண்டே எழுந்தார். மண்வெட்டியை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் வரப்போடு வரிசையாக வீட்டுக்கு நடந்தோம். முன்னால் போன அண்ணனின் துண்டில் சிவப்பு மெல்லப் பரவிக்கொண்டே வந்தது.